காலி வீட்டுக்குத் தள்ளுபடி

போன மாதம் பென்ஷன் வாங்கப் போன இடத்தில், வரிப் பகுதியில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வரியை உயர்த்தியதிலிருந்து போகிற தெருவெல்லாம் பூட்டிக் கிடக்கிறதாம். ஆளில்லை, ஆளில்லை என்று மனு மேல் மனுவாக வருகிறதாம். "உங்க காலத்துல எப்படிங்க கண்டுபிடிப்பீங்க, உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு?" என்று கேட்டார்கள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு சும்மா இருக்கவில்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் போவது மரியாதை இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு முசிறிப் பக்கம் ஊர். அண்ணன் தம்பிகளுக்குள் நிலம் துண்டு துண்டாகப் போனதால் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு திருச்சிக்கு வந்து, ஸ்ரீரங்கம் நகரசபையில் பில் கலெக்டராகச் சேர்ந்தேன். ஜனங்கள் வாயில் நான் தண்டல்காரன். பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரு பழைய ஆளோடு சில மாதம் தெருத்தெருவாக அலைய வேண்டும். எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் நாயைவிட மோசமான மாமனார் என்று தெரிந்துகொண்டால் பயிற்சி முடிந்தது.

நான் சொல்கிற காலம் யுத்தத்துக்கு முந்தியது. விலைவாசி சரிந்து, நெல்லும் வாழையும் கேட்பாரற்றுக் கிடந்த வருஷங்கள். அந்த நேரம் பார்த்துத்தான் வீடுகளுக்கு மறுமதிப்புப் போட்டு வரி கூடியது. வீட்டு வரி, தண்ணீர் வரி, விளக்கு வரி, தொழில் வரி, வண்டி வைத்திருந்தால் வண்டி வரி. வருமானம் இறங்குகிறது, வரி ஏறுகிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? நான் வரி கேட்டுப் பிழைத்தவன். ஆனாலும் அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கோபம் வந்தால் மனிதனுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். ஒரு ஜட்காக்காரர் வரி கேட்கும் நாளில் ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார். ஒற்றைச் சக்கரம் உள்ளது வண்டியே இல்லை என்பது அவர் வாதம். ஒரு நகைத் தொழிலாளி நாள் முழுதும் டவுனில் வேலை பார்த்துவிட்டு, படுக்க மட்டும் காட்டூருக்குப் போவார். காட்டூர் அப்போது நகர எல்லைக்கு வெளியே இருந்தது. ஊரில் படுக்காதவன் ஊர்க்காரன் இல்லை, ஊர்க்காரன் இல்லாதவனுக்கு வரி இல்லை என்று கணக்கு. இதையெல்லாம் நாங்கள் ஆபீசில் சொல்லிச் சிரிப்போம்.

சிரிக்காதவர் எங்கள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் காதர் சாயபு ஒருவர்தான். நத்தர்ஷா பள்ளிவாசல் பக்கத்துக் குடும்பம். மெலிந்த ஆள், தாடிக்கு மருதாணி, வேனிற்காலத்திலும் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. யாரையும் 'நீ' என்று சொல்லிக் கேட்டதில்லை. ஒரு மனுவைத் தள்ளினால், தள்ளிய காரணத்தை மனு கொடுத்தவரை உட்காரவைத்து விளக்குவார். "காரணம் சொல்லாம இல்லைன்னு சொல்றது ஹராம் மாதிரி, தம்பி" என்பார். அந்த மரியாதையைப் பார்த்துத்தான் நான் வேலை கற்றுக்கொண்டேன்.

அரையாண்டு முழுதும் ஒரு வீடு ஆளில்லாமல் கிடந்தால் வரியில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. ஆனால் வீடு காலி என்று நாங்கள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாயபு பார்க்கும் விதமே தனி. முதலில் வாசலில் நின்று, உள்ளே ஆள் இருப்பதுபோல் ஸலாம் சொல்லிவிட்டு, கொஞ்சம் காத்திருந்துதான் காலை வைப்பார். காலி வீட்டுக்குள் போனாலும் ஸலாம் சொல்லிப் போவது அவர்கள் மார்க்கத்தில் வழக்கமாம். பிறகு புறங்கையை அடுப்பு மேல் வைப்பார். அம்மியை முகர்ந்து பார்ப்பார். கிணற்றுக் கயிற்றை உருவி ஈரம் பார்ப்பார். கடைசியாகத் தெருவுக்கு வந்து, வீட்டுக் கழிவுத் தண்ணீர் வந்து விழும் ஜலதாரையைக் குனிந்து பார்ப்பார். அது வெடித்துக் காய்ந்திருந்தால்தான் வீடு காலி. மனுஷன் பொய் சொல்வான், ஜலதாரை சொல்லாது என்பது அவர் கட்சி. எல்லாம் சரியாக இருந்தால் கதவு நிலையில் நான் தாரால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் போட்ட வீட்டுக்கு நகரசபையின் எந்த ஆளும் போக வேண்டியதில்லை.

வைத்திலிங்கம் என்ற வாழைக்காய் மண்டிக்காரர் ஸ்ரீரங்கத்தில், கோயில் மதிலுக்கு வெளியே கொள்ளிடத்தைப் பார்த்த தெருவில் குடியிருந்தார். அவர் அப்பா கட்டிய வீடு. தேக்குத் தூண், நடுவில் முற்றம், கொல்லையில் கிணறு. மறுமதிப்பில் அந்தத் தூண்களைப் பார்த்தே வரியை ஏற்றிவிட்டார்கள். அப்பீல் போட்டார், தோற்றார். நான் பில் கொண்டுபோன அன்று வாசலிலேயே நிறுத்தி, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"தண்ணி வரி கட்டறேன், குழாயில காத்துதான் வருது. விளக்கு வரி கட்டறேன், எந் தெருவுல விளக்கு இருக்கா பாருங்க. எங்கப்பா கட்டின வீட்டுல இருக்கறதுக்கு நான் வருஷா வருஷம் உங்ககிட்ட வாடகை குடுக்கறேன். இனிமே குடுக்க மாட்டேங்க. இந்த ஊர்ல நான் இல்லைன்னு வச்சுக்குங்க."

கோபத்தில் சொல்வது என்று நினைத்தேன். கோபம் இல்லை, தீர்மானம். மண்டியைக் காட்டூருக்கு மாற்றினார். பெண்சாதி தாயம்மாளும் மகள் கோமதியும் முசிறிக்குப் பிறந்தகம் போய்விட்டார்கள், வீடு காலி என்று மனுக் கொடுத்தார். நாங்கள் போய்ப் பார்த்தோம். கயிறு ஈரம், அம்மியில் மிளகாய் வாசம். சாயபு மனுவைத் தள்ளினார். வழக்கம்போல் அவரை உட்காரவைத்து, கயிறு இப்படி இருந்தது, அம்மி இப்படி இருந்தது, ஜலதாரையில் பாசி இருந்தது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். வைத்திலிங்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு உண்மையிலேயே வீட்டைவிட்டுப் போக மனமில்லை. முசிறி மைத்துனனோடு பேச்சுவார்த்தை இல்லை. அப்பா கட்டிய வீட்டில் வாடகைக்காரனைக் குடிவைப்பதும் மானக்கேடு. வீடும் வேண்டும், வரியும் கூடாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் வீட்டைக் கொளுத்தவில்லை, வேறொன்று செய்தார்.

அடுத்த அரையாண்டில் மறுபடி மனு வந்தது. வைத்திலிங்கமே சாவியோடு வந்து திறந்துவிட்டார். சாயபு ஸலாம் சொல்லி, காத்திருந்து, உள்ளே போனார். அடுப்பில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அம்மி வாசமில்லாத வெறும் கல்லாகக் கிடந்தது. கிணற்றில் கயிறே இல்லை. ஜலதாரை வெடித்திருந்தது. கூடத்துக்கு அடுத்த இருட்டு அறையில் ஆள் உயரத்துக்கு, நெல் கொட்டிவைக்கும் மரப் பத்தாயம் ஒன்று நின்றது. நான் விரல் முட்டியால் தட்டினேன். கனமாகச் சத்தம் வந்தது. விதை நெல் என்றார் வைத்திலிங்கம். தஞ்சாவூர் ஜில்லாவுக்கு இந்தப் பக்கம் பத்தாயம் இல்லாத பெரிய வீடு உண்டா? சரி என்று வந்துவிட்டோம். நான் நிலையில் தார் வட்டம் போட்டேன்.

தெருமுனைக்கு வந்தோம். சாயபு நின்று, திரும்பி அந்த வீட்டையே பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு, தம்பி. ஆனா காலி வீடு நம்மளப் பாக்காது. இந்த வீடு பாத்துச்சு" என்றார்.

அப்படியானால் மறுத்து எழுதலாமே என்று கேட்டேன். கண்டதைத்தான் எழுதலாம், மனசில் பட்டதை எழுத நமக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி நடந்துவிட்டார்.  

அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு வரி கேட்கப் போகும்போதெல்லாம் ஒரே பேச்சு, பூட்டிய வீட்டில் பேய் வந்து குடியேறிவிட்டது என்று. பக்கத்து வீடு ராகவாச்சாரியார் கோயில் கைங்கரியக்காரர், பொய் பேசாதவர். சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்கிறது, யாரோ ஒரு ஸ்திரீ வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிறாள் என்றார். வாசலில் கோலம் இல்லை, புகைபோக்கியில் புகை இல்லை, விளக்கு இல்லை. மனுஷ வாசம் உள்ள வீடு இப்படியா இருக்கும்? தெருவே அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டு எதிர்ச்சாரியில் நடக்க ஆரம்பித்தது. வாசல் ஓரமாக யாரோ வேப்பிலைக் கொத்தைச் செருகிவைத்தார்கள்.

எங்கள் ஜனங்களின் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பேய் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்கு வாடகை மதிப்பு குறைவு, ஆகவே வரியைக் குறைக்க வேண்டும் என்று அந்தத் தெருவிலிருந்து ஒரு மனு வந்தது. ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. சாயபு மட்டும் மனுவை வாங்கி, வளையல் சத்தம் என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். அன்றே ராகவாச்சாரியாருக்குச் சொல்லி அனுப்பினார், அடுத்த முறை சத்தம் கேட்டால் உடனே தகவல் வேண்டும் என்று.

ஆடி பிறந்தது. புதுத் தண்ணீர் வந்து காவிரியும் கொள்ளிடமும் செங்காவியாக ஓடின. கூடவே வாந்திபேதியும் வந்தது. சுகாதார ஆட்கள் வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள், கிணறுகளுக்குச் சிவப்பு மருந்து கரைத்து ஊற்றினார்கள். தார் வட்டம் போட்ட கதவைத் தட்ட அவர்களுக்கு வேலை இல்லை. தட்டவில்லை.

ஒருநாள் ராகவாச்சாரியாரிடமிருந்து ஆள் வந்தது. சாயபு கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினார். நாங்கள் போய்ச் சேரும்போது உச்சிப்பொழுது. கோயில் நடை சாத்திய நேரம். தெருவில் ஒரு காக்காய்கூட இல்லை. அந்த வரிசையில் எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. வைத்திலிங்கம் வீட்டு வாசல்படியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர், மேலே துளசி மிதந்தது.

ராகவாச்சாரியார் தன் வாசலைவிட்டு இறங்காமலே சொன்னார். "முந்தாநாள்லேருந்து தீர்த்தம் கேக்கறது. பட்டப்பகல்ல, குழந்தை குரல்ல கேக்கறது, ஸ்வாமி. தாகத்தோட போன ஆத்மாவா இருக்கும்னு ஆத்துல எல்லாரும் பயப்படறா. அதான் படியில வச்சுட்டு வந்தேன். எடுத்துக்கவே மாட்டேங்கறது."

அந்தச் செம்பைப் பார்த்தேன். பூட்டின கதவுக்கு வெளியே இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பேய்க்கு இரங்கித் தண்ணீர் வைத்த மனிதர் அவர். மனுஷி இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் குடத்தோடு ஓடியிருப்பார்.

சாயபு கதவருகே போய் ஸலாம் சொன்னார். வழக்கம்போல் காத்திருந்தார். பிறகு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

கதவுக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. "நாங்க இங்க இல்லைங்க."

 இத்தனை வருஷம் எத்தனையோ வாசலில் நின்று எத்தனையோ பொய் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பொய்யைக் கேட்டதில்லை. சாயபு கதவோடு கதவாக உட்கார்ந்துகொண்டார்.

"யாரும்மா அப்படிச் சொல்லச் சொன்னாங்க?"

"அப்பாதாங்க. யார் கேட்டாலும் நாங்க இல்லைன்னு சொல்லணும்னாரு. அம்மா எந்திரிக்க மாட்டேங்குது."

கதவின் அடியில், வாசற்படிக்கும் பலகைக்கும் நடுவே இருந்த சந்தில், நாலு சின்ன விரல்கள் தெரிந்தன.

வாரண்ட் இல்லாமல் பூட்டின்மேல் கை வைக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. இதைச் சாயபு எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்று அவர் ராகவாச்சாரியாரிடம் கடப்பாரை கேட்டார். ஆச்சாரியாரும் அந்த விரல்களைப் பார்த்துவிட்டார். மடி, ஆசாரம் எல்லாம் மறந்து ஓடிப்போய்த் தேங்காய் உரிக்கும் பாரையைக் கொண்டுவந்தார். பூட்டை உடைத்தது சாயபுதான். அந்த மெலிந்த கைகளுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

கோமதிக்கு ஏழெட்டு வயது இருக்கும். உதடு வெடித்திருந்தது. முதல் வேலையாகச் செம்பை அவள் வாயில் வைத்தோம். இரண்டு மிடறு குடித்துவிட்டு, மிச்சம் அம்மாவுக்கு என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நாங்கள் பின்னால் போனோம். கூடத்தில் நாற்றம் தாங்கவில்லை. பாயில் தாயம்மாள் இல்லை. தரையில் உடம்பை இழுத்துக்கொண்டு போன ஈரத் தடம் இருட்டு அறைக்குள் போயிற்று.

வாசலில் எங்கள் குரல் கேட்டதும், எழுந்திருக்க முடியாத அந்த அம்மாள் பத்தாயத்துக்குள் ஒளிய முயன்றிருக்கிறாள். அடிப்பலகையைத் திறந்து, இடுப்புவரை உள்ளே நுழைந்து, அதற்குமேல் முடியாமல் அப்படியே கிடந்தாள். நான் தட்டிப் பார்த்த அன்றும் அவளும் குழந்தையும் அதற்குள்தான் இருந்திருக்கிறார்கள். வெளியே இழுத்தபோது கண்ணைத் திறந்து சாயபுவின் கோட்டைப் பார்த்தாள். "அவரு மேல தப்பில்லைங்க. நாங்க இன்னிக்குத்தாங்க வந்தோம்" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜட்காவில் கொண்டுபோனோம். காவிரிப் பாலத்தில் வண்டி ஏறும்போதே உயிர் போய்விட்டது. கோமதி என் மடியில் இருந்தாள். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் இருந்தாள். சத்தம் போடாமல் இருக்க அவளை நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

நடந்ததெல்லாம் பிறகு தெரிந்தது. சாயபு விளக்கிச் சொன்ன ஒவ்வொன்றையும் வைத்திலிங்கம் மனப்பாடம் செய்திருக்கிறார். அடுப்பு மூட்டவேண்டாம், அவலும் பழமும் போதும். அம்மி வேண்டாம். கயிறு காட்டிக்கொடுக்கும், அதனால் கயிற்றையே எடுத்துக்கொண்டு போய்விட்டார். கழுவிய தண்ணீரை ஜலதாரையில் விடாமல் கொல்லையில் குழிதோண்டி ஊற்ற வேண்டும். குடிக்க, பொழுது சாய்ந்தபின் அவரே கொள்ளிடத்திலிருந்து ஒரு குடம் கொண்டுவந்து கொல்லைக் கதவைத் திறந்து உள்ளே வைத்துவிட்டு, திரும்பப் பூட்டிக்கொண்டு காட்டூர் போய்விடுவார். அந்த வாரம் முசிறியில் வாழைத்தார் ஏலத்துக்குப் போனவர் விலை படியாமல் தங்கிவிட்டார். அவர் கடைசியாக வைத்துவிட்டுப் போன குடத்தில் இருந்தது ஆடிப் புதுத் தண்ணீர்.

சாயபு அதற்கப்புறம் யாருக்கும் காரணம் சொல்லி மனுவைத் தள்ளவில்லை. இல்லை என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். திமிர் வந்துவிட்டது என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். எனக்குக் கேட்கப் பொறுக்காது, எழுந்து வெளியே போய்விடுவேன்.

காரியம் முடிந்து வைத்திலிங்கம் ஆபீசுக்கு வந்தார். தள்ளுபடி வாங்கிய வரி, பொய் மனுவுக்கான அபராதம் எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. "அவ அங்கதான் குடியிருந்தாளுங்க. குடியிருந்தாள்னு எழுதிக்குங்க" என்று மட்டும் சொன்னார். சாயபு தானே எழுந்து அவருக்கு நாற்காலி போட்டு, தன் கையால் ரசீது எழுதிக் கொடுத்தார்.

கோமதியை முசிறி மாமன் அழைத்துப் போய்விட்டான். வைத்திலிங்கம் காட்டூரை விட்டுவிட்டு அந்த வீட்டிலேயே தனியாக வந்து உட்கார்ந்தார். கதவை மூடுவதே இல்லை. பகலிலும் விளக்கு எரியும். ஒரு ஆள் சமையலுக்கு அடுப்பு நாள் முழுதும் புகையும். தெருவில் யாரும் அவரோடு பேசவில்லை. எதிர்ச்சாரியில் நடந்த பழக்கத்தையும் விடவில்லை. நான் தார் வட்டத்தை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மரத்துக்குள் ஊறிவிட்டது, போகவில்லை.

அவரிடம் நான் வரி கேட்கவே வேண்டியிருந்ததில்லை. பில் போவதற்குள் வாசலில் நிற்பார், பணத்தைக் கொடுப்பார். ரசீதை வாங்கிக்கொண்டு ஒன்று கேட்பார்.

"வந்ததுதான் வந்தீங்க, வீட்டை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க."

முதல் தடவை எனக்குப் புரியவில்லை. ஆள் குடியிருக்கும் வீட்டைப் பார்வையிட அவசியம் இல்லை, தள்ளுபடிதான் இல்லையே என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கும் நீங்க நல்லாப் பாத்துட்டு யாரும் இல்லைன்னுதாங்க எழுதினீங்க. அவ உள்ளதான் இருந்தா. கொஞ்சம் நிதானமாப் பாருங்க."

போனேன். ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். இருட்டு அறையில் பத்தாயத்தின் பலகையை அவரே திறந்து, விளக்கைத் தூக்கிப் பிடித்தார். குனிந்து உள்ளே பார்த்தேன். நெல் உமி வாசம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் இல்லை என்று சொல்ல வேண்டியது என் வேலை. அந்த வார்த்தைக்காகத்தான் எனக்குச் சம்பளம்.

"அடுத்த தடவை வந்து பாக்கறேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

எனக்கு வேறு வட்டத்துக்கு மாற்றல் வரும்வரை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் அதையே சொல்லிவிட்டு வந்தேன்.